கையெழுத்தில் பிறக்கும் காசு

வட்டக்கச்சி

அன்பு மருமகளுக்கு,

வங்கியில் பயிலுநராக இடம் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதில் இங்கே எல்லாருக்கும் பெரிய சந்தோசம். அதுவும் கிளிநொச்சிக் கிளை. வட்டக்கச்சி, இராமநாதபுரம், கண்டாவளை ஆட்களின் கடன் விண்ணப்பங்கள்தான் உன் மேசைக்கு முதலில் வரப்போகின்றன. போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். மத்திய வங்கிக்குக் காசு அடிக்க ஏலும் என்றால் நாடு ஏன் இப்படிக் கடன்பட்டது என்பது ஒன்று. சனம் போடுகிற காசைத்தானே வங்கி எடுத்து மற்ற ஆட்களுக்குக் கடன் குடுக்கிறது என்பது மற்றது. போனில் சொல்லி முடிகிற விசயம் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் வேலை செய்த அனுபவத்தையும் பிறகு படித்ததையும் வைத்து எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுப்போம். அது விளங்கினால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் ஊரில் ஒரு கமக்காரர் லான்ட்மாஸ்டர் வாங்க எட்டு இலட்சம் ரூபா கேட்டு உன் கிளைக்கு வருகிறார் என்று வை. விண்ணப்பம் சரி, பிணையாளர்கள் சரி, முகாமையாளர் ஒப்பமிட்டுவிட்டார். அப்போது வங்கி என்ன செய்கிறது? பெட்டகத்தைத் திறந்து வேறு யாரோ போட்ட எட்டு இலட்சத்தை எண்ணி எடுப்பதில்லை. கணினியில் இரண்டு பதிவுகள் விழுகின்றன. சொத்துப் பக்கத்தில், அவர் வங்கிக்குத் தரவேண்டிய கடன் எட்டு இலட்சம். பொறுப்புப் பக்கத்தில், வங்கி அவருக்குத் தரவேண்டிய வைப்பு எட்டு இலட்சம். வேறு எந்த வைப்பாளரின் புத்தகத்திலும் ஒரு சதம் குறையவில்லை. ஆனால் கமக்காரரின் கணக்கில் எட்டு இலட்சம் புதிதாக நிற்கிறது. அதைக் கொண்டுபோய் அவர் இயந்திரம் வாங்கலாம். கொஞ்ச நேரத்துக்கு முன் நாட்டில் இல்லாத காசு அது. கடன் எழுதப்பட்டபோது பிறந்தது.

இது நான் கண்டுபிடித்த புதினம் இல்லை. இங்கிலாந்து வங்கி 2014இல் தன் காலாண்டுச் சஞ்சிகையில் இதைத் தெட்டத்தெளிவாக எழுதியது: வைப்பில் இருந்து கடன் உண்டாவதாகச் சனம் நினைக்கிறது, நடைமுறையில் கடன்தான் வைப்பை உண்டாக்குகிறது என்று. அந்த நாட்டின் பணத்தில் 97 வீதம் இப்படி வங்கிக் கணக்குகளில் இருப்பதாகவும் சொன்னது. இலங்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மத்திய வங்கி ‘விரிந்த பணம்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சனத்தின் கையில் இருக்கும் தாளும் குத்தியும், வங்கிகளில் உள்ள வைப்புகளும் சேர்ந்தது அது. அதில் தாளும் குத்தியும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் வங்கிகள் சனத்துக்குத் தரவேண்டிய கணக்கு.

இதை நெல்லு முதலாளியின் துண்டோடு ஒப்பிட்டுப் பார். வெட்டு முடிந்து நெல்லை ஏற்றிக்கொண்டு போகிற முதலாளி, ‘இவருக்கு ஒரு இலட்சம் தரவேண்டும்’ என்று ஒரு துண்டு எழுதிக் குடுக்கிறார். நீ அந்தத் துண்டைப் பசளைக் கடையில் குடுக்கிறாய். முதலாளியை நம்புகிற கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு பசளை தருகிறார். துண்டு கைமாறுகிற வரைக்கும் அது காசு. முதலாளி காசைத் தந்து துண்டை வாங்கிக் கிழித்துப்போட்டால் துண்டின் சீவியம் முடிந்தது. வங்கி வைப்பும் இப்படி எல்லாரும் நம்பிக் கைமாற்றுகிற துண்டுதான். முதலாளியின் துண்டு சந்தையோடு நின்றுவிடும், வங்கியின் துண்டு நாடு முழுக்கச் செல்லும், அவ்வளவே.

துண்டு கிழிபடுவதையும் மறக்காதே. கமக்காரர் கடனைக் கட்டக் கட்ட, அவருடைய கணக்கில் வைப்பும் குறைகிறது, வங்கியின் புத்தகத்தில் கடனும் குறைகிறது. பிறந்த காசு அழிகிறது. வட்டி மட்டும் வங்கியின் வருமானமாகி, உன்னைப் போன்ற பிள்ளைகளின் சம்பளமாகவும் வைப்பாளருக்கான வட்டியாகவும் திரும்ப ஊருக்குள் வரும். ஆகவே நாட்டில் இருக்கும் பணத்தின் அளவு ஒரு நாளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. புதுக்கடன் கூடக் கூடும், கட்டி முடிப்பது கூடக் குறையும்.

‘அப்படியென்றால் வங்கி நினைத்த அளவுக்குக் கடன் எழுதலாமே’ என்று நீ கேட்பாய். ஏலாது. கமக்காரர் எட்டு இலட்சத்தையும் இயந்திரம் விற்ற கடைக்கு மாற்றுகிறார். கடைக்காரரின் கணக்கு வேறொரு வங்கியில் இருக்கிறது. உன் வங்கி எழுதிய துண்டை அந்த வங்கி சும்மா ஏற்காது. ஒவ்வொரு வங்கிக்கும் மத்திய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. உன் வங்கியின் கணக்கில் இருந்து எட்டு இலட்சம் மற்ற வங்கியின் கணக்குக்கு மாறினால்தான் கொடுக்கல் வாங்கல் தீரும். இந்தக் கணக்கில் கிடக்கும் காசை உன் வங்கி தானாக உண்டாக்க ஏலாது. மத்திய வங்கி மட்டுமே உண்டாக்கலாம். அதையும் வெளியே புழங்கும் நாணயத்தாளையும் சேர்த்து ‘ஒதுக்குப் பணம்’ என்பார்கள். சனம் தங்களுக்குள் புழங்குவது பெரும்பாலும் வங்கிகளின் துண்டு. வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பது மத்திய வங்கியின் துண்டு. இந்த இரண்டு தட்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பத்திரிகையில் வரும் பொருளாதாரச் செய்திகளில் பாதி விளங்கிவிடும்.

அதனால்தான் வங்கிகள் உன் அப்பம்மாவின் சேமிப்புக்கும் வலிந்து வலிந்து வட்டி சொல்கின்றன. வைப்பு வெளியே போனால் மத்திய வங்கிக் கணக்கும் இறங்கும். உள்ளே வந்தால் ஏறும். இதற்கு மேல் வேறு கட்டுகளும் உண்டு. வைப்புகளில் ஒரு பங்கை மத்திய வங்கியில் வைத்திருக்க வேண்டும். ‘நியதி ஒதுக்கு விகிதம்’ என்று உனக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். 2021 செப்டெம்பரில் அதை 2இல் இருந்து 4 வீதமாக்கினார்கள், 2023 ஓகஸ்டில் திரும்ப 2 ஆக்கினார்கள். திரும்பாமல் போகும் கடனைத் தாங்குவதற்குப் பங்குதாரரின் சொந்த மூலதனம் போதிய அளவு இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் கேட்டு ஆள் வரவேண்டும், வந்த ஆள் கட்டக்கூடியவராக இருக்கவேண்டும். வட்டி வீதம் ஏறினால் கேட்கிற ஆட்கள் குறைவார்கள், இறங்கினால் கூடுவார்கள். மத்திய வங்கி அந்த வீதத்தைத்தான் பிடித்து ஆட்டுகிறது. 2024 நவம்பரில் இருந்து ‘ஓரிரவு கொள்கை வீதம்’ என்ற ஒரே வீதத்தை அறிவித்து, வங்கிகள் ஓர் இரவுக்குத் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் காசின் விலையை அதன் அருகில் வைத்திருக்கப் பார்க்கிறது.

நாணயத்தாள் எங்கே வருகிறது? சனம் கேட்கும்போது வருகிறது. சித்திரை வருசத்துக்கும், காலபோக வெட்டுக் கூலி குடுக்கும் நாட்களுக்கும் ஆட்கள் கணக்கில் இருந்து தாளாக எடுப்பார்கள். வங்கி மத்திய வங்கியிடம் தாள் வாங்கும். அந்தப் பெறுமதி வங்கியின் கணக்கில் கழிபடும். தாள்கள் அச்சடிக்கப்படுவது பியகமவில். அந்த அச்சகத்தில் இயந்திரம் ஓடுவதற்கும், பேச்சு வழக்கில் ‘காசு அடிக்கிறாங்கள்’ என்று சொல்கிறோமே அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. பழைய தாளுக்குப் புதுத் தாள் மாற்றுவதற்கும் அச்சடிக்கிறார்கள். பெரிய தொகையாக ‘அடிபட்ட’ காசு தாளாகவே பிறக்கவில்லை; கணினியில் பதிவாகப் பிறந்தது. அதற்கு இனி வருகிறேன்.

கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் முழுதும் விளங்கும். பிரித்தானியர் காலத்தின் ஒரு கட்டத்தில் இலங்கையில் தனியார் வங்கிகளே நாணயத்தாள் வெளியிட்டன. அவற்றில் பெரியது ஓரியன்டல் வங்கி. அது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குக் கடனை அள்ளிக் குடுத்தது. 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. தோட்டம் அழிந்தது, கடன் திரும்பவில்லை, 1884இல் வங்கி விழுந்தது. அதன் தாள்களைக் கையில் வைத்திருந்த சனம் திகைத்து நின்றபோது தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசாங்கத்தின் பெயரில் பொறுப்பு நின்றார். அந்த ஆண்டே சட்டம் இயற்றி நாணயத்தாள் வெளியிடும் உரிமையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஒரு நோய் கோப்பி இலையில் விழுந்து, கொழும்பில் ஒரு வியாபாரியின் சட்டைப்பையில் இருந்த தாளின் பெறுமதியைக் கொண்டுபோகப் பார்த்தது. கடனில் இருந்து பிறந்த காசு, அந்தக் கடன் எந்த விளைச்சலை நம்பியதோ அந்த விளைச்சலின் விதியோடு கட்டுண்டது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான், பிள்ளை.

1884க்குப் பிறகு வந்தது நாணயச் சபை. அதற்குக் கடன் குடுக்கும் வேலை இல்லை. இந்திய ரூபாவோ அதற்கு ஈடான சொத்தோ கையில் வந்தால் அந்த அளவுக்குத் தாள் வெளியிடும், போனால் திரும்ப எடுக்கும். தேயிலையும் இறப்பரும் விலைபோன ஆண்டில் நாட்டில் காசு பெருகும், விலை விழுந்த ஆண்டில் வற்றும். அரசாங்கத்துக்கு அதில் கைவைக்க வழியில்லை. நெருக்கடியில் சனத்துக்கு உதவவும் வழியில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கியில் பணியாற்றிய ஜோன் எக்ஸ்ரர் என்ற பொருளியலாளரை அழைத்துத் திட்டம் போட்டார்கள். 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் வந்தது. 1950 ஓகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. முதல் ஆளுநரும் எக்ஸ்ரர்தான். இன்று அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலும் இருக்கிறது.

இனி உன் முதலாவது கேள்வி. நாணயச் சபையிடம் இல்லாத ஒரு வசதி மத்திய வங்கியிடம் இருந்தது. அரசாங்கத்தின் திறைசேரி உண்டியலை அது நேரடியாக வாங்கலாம். அரசாங்கம் சம்பளம் குடுக்க வேண்டும், வரிப்பணம் போதவில்லை, சந்தையில் கடன் வாங்கினால் வட்டி கூட. அப்போது உண்டியலை மத்திய வங்கியிடம் குடுக்கிறது. மத்திய வங்கி அரசாங்கத்தின் கணக்கில் தொகையைப் பதிகிறது. அரசாங்கம் சம்பளமும் ஓய்வூதியமும் ஒப்பந்தக்காரர் பட்டியலும் கட்டுகிறது. காசு சனத்தின் வங்கிக் கணக்குகளுக்குள் வருகிறது, அதே அளவு வங்கிகளின் மத்திய வங்கிக் கணக்குகளிலும் ஏறுகிறது. இரண்டு தட்டிலும் காசு கூடிவிட்டது. இதைத்தான் ‘காசு அடித்தல்’ என்கிறோம்.

2019 முடிவில் மத்திய வங்கியின் கையில் இருந்த அரசாங்கப் பிணையங்கள் நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. அந்த நேரம் வரியைக் குறைத்தார்கள். பிறகு கொரோனா வந்தது, வருமானம் விழுந்தது. உண்டியல் ஏலங்களில் வட்டிக்கு உச்சவரம்பு போட்டார்கள். அந்த வட்டிக்கு வாங்க ஆள் வராதபோது மிச்சத்தை மத்திய வங்கி எடுத்தது. 2022 முடிவில் அந்தத் தொகை 2,500 பில்லியனைத் தாண்டிவிட்டது. வட்டி குறைவாக இருந்ததால் வங்கிகளும் தாராளமாகக் கடன் எழுதின. அந்தக் காசு பொருளைத் தேடிப் போனது. இலங்கையில் பொருள் என்றால் பாதி இறக்குமதி. அதற்கு டொலர் வேண்டும். ரூபாவைக் கணினியில் பிறப்பிக்கலாம், டொலரை யாரும் இங்கே பிறப்பிக்க ஏலாது. டொலரின் விலையை 200 ரூபா அளவில் பிடித்துவைத்தார்கள், கையிருப்புக் கரைந்தது. 2022 மார்ச்சில் பிடி விட்டதும் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது.

விளைச்சல் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது எங்கள் வயல்களில் காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. யூரியா இல்லாமல் மஞ்சளித்து நின்ற பயிரை நீயும் பார்த்தாய். பிறகு ஓர் அந்தர் யூரியா கறுப்புச் சந்தையில் முப்பதாயிரம் ரூபாவைத் தாண்டிப் போனது. காசு பெருகிக்கொண்டு போகிற அதே நேரத்தில் நெல்லும் டீசலும் குறைந்துகொண்டு போயின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். முந்தின ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா. கூலிக்காரரின் சம்பளத்தில் பாதியை ஒருவரும் வரி என்று சொல்லி வெட்டவில்லை, ஆனால் சாப்பாட்டுக் கணக்கில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. அதனால்தான் காசு அடித்து நாட்டின் கடனைத் தீர்க்க ஏலாது. வெளிநாட்டுக் கடனுக்கு டொலர் வேண்டும். உள்நாட்டுக் கடனை அடித்த காசில் தீர்த்தால், அந்தச் செலவை ஏழைதான் கடைத்தெருவில் கட்டி முடிப்பான்.

திருத்தமும் அதே கருவிகளால்தான் நடந்தது. நந்தலால் வீரசிங்க ஆளுநராகப் பொறுப்பேற்ற மறுநாள், 2022 ஏப்ரல் 8இல், கொள்கை வட்டி வீதங்களை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகளால் ஏற்றினார்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. வங்கிகளின் கடன் வட்டி 25 வீதத்தையும் தாண்டியது. புதுக்கடன் கேட்க ஆளில்லை, பழைய கடன் கட்டப்பட்டது. 2022 நடுப்பகுதியில் இருந்து ஏறக்குறைய ஒரு வருடம் தனியார் துறைக்கான வங்கிக் கடன் சுருங்கிக்கொண்டே போனது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு வந்தது. விலைகள் இறங்கிவிட்டன என்று அதற்குப் பொருள் இல்லை. ஏறின இடத்தில் நின்றுவிட்டன. அதே மாதம் 15ஆம் திகதி 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏலத்தில் அரசாங்கத்தின் உண்டியலை மத்திய வங்கி நேரே வாங்கும் வழியை அது அடைத்தது. மத்திய வங்கியிடம் சேர்ந்து கிடந்த உண்டியல்களை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றினார்கள். ஊழியர் சேமலாப நிதியின் பத்திரங்களும் மாற்றப்பட்டன. உன் முதல் சம்பளத்தில் இருந்து காசு வெட்டுப்பட்டுச் சேரப் போகிற நிதி அது. ஆகவே இந்தக் கதைக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை என்று நினையாதே.

இப்போதும் அடிக்கடி ‘திரும்பக் காசு அடிக்கத் தொடங்கிவிட்டாங்கள்’ என்று கதை எழும். 2024 ஒக்டோபரில் நூறு பில்லியன் அடித்தார்கள் என்று பெரிய சத்தம் போட்டார்கள். அப்படிக் கேட்டால் ஒரு விசயத்தைப் பார். மத்திய வங்கி வணிக வங்கிகளுக்கு ஒரு நாளைக்கோ ஒரு கிழமைக்கோ பிணையத்தை வாங்கிவைத்துக்கொண்டு குடுக்கிற காசு, தவணை முடியத் திரும்பி வந்து அழியும். வங்கிகளுக்கிடையிலான வட்டி வீதம் துள்ளாமல் இருக்கச் செய்கிற நாளாந்த வேலை அது. அரசாங்கத்தின் செலவுக்குக் குடுத்துத் திரும்பாமல் போகிற காசு வேறு. முதலாவதும் மாதக்கணக்காகப் பெருகிக்கொண்டே போனால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிச் சனத்தைப் பயமுறுத்துகிறவர்களின் பேச்சை வங்கிப் பிள்ளை நீ திருப்பிச் சொல்லக்கூடாது.

எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொரு பாடம் உண்டு. 1994இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தமிழீழ வைப்பகம், இடம்பெயர்வுக்குப் பிறகு கிளிநொச்சியைத் தலைமையிடமாக வைத்து வன்னி எங்கும் நடந்தது. சேமிப்பு வாங்கியது, கடன் குடுத்தது, நகை அடகு பிடித்தது. தனி நாணயத்தாள் இருக்கவில்லை. புழங்கியது இலங்கை ரூபாதான். மேலே சொன்ன இரண்டு தட்டை வைத்து யோசித்துப் பார். கீழ்த்தட்டில் வைப்பும் கடனும் இருந்தன. மேல்தட்டில் கணக்குத் தீர்க்கவும் நெருக்கடியில் கைகொடுக்கவும் ஒரு மத்திய வங்கி இருக்கவில்லை. 2009இல் போரோடு அந்த நிறுவனம் இல்லாமல் போனபோது வைப்புப் புத்தகங்கள் வெறும் கடதாசி ஆயின. மடியில் கட்டிக்கொண்டு போன தாள் மட்டும், இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலும் செல்லுபடியானது; அங்கே அரச வங்கிகள் கிளை திறந்து அந்தக் காசை வைப்பாக வாங்கின. போர் முடிந்தபோது இராணுவம் எடுத்துவைத்திருந்த நகைகள் 2025 மே மாதத்தில்தான் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டன. உரியவர் கைக்கு அவை போய்ச் சேரவேண்டிய கதை தனி.

இதில் அரசியல் கதைக்க நான் வரவில்லை. வைப்பு என்பது ஒரு நிறுவனம் தந்த வாக்கு. அந்த வாக்கின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைச் சனம் கேட்டு அறிய வேண்டும். எங்கள் ஆட்கள் இன்னும் வங்கியை அரைமனதோடு பார்ப்பதற்கும், காசைச் சங்கிலியாகவும் காப்பாகவும் மாற்றி வைப்பதற்கும் காரணம் அறியாமை இல்லை. ஒரு முறை இழந்தவர்கள். ஆகவே உன் மேசைக்கு வருகிற வயதானவரிடம், மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதியின்படி ஒரு நிறுவனத்தில் ஒருவருடைய வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு என்பதை வாய்திறந்து சொல். உரிமம் பெற்ற வங்கிக்கும் நிதிக்கம்பனிக்கும்தான் அது பொருந்தும், கூடின வட்டி தருவதாக வீடு தேடி வருகிறவனுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். போர் முடிந்த கையோடு ஏ-9 வீதியின் இரு பக்கமும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் நிறைந்தன. கடன் இல்லாமல் கிடந்த மண்ணில் அது தேவையாகவும் இருந்தது. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கும் ரிவிக்கும் கல்யாண வீட்டுக்கும் கூட அதே சுகத்தோடு கடன் எழுதப்பட்டது. விளைச்சல் இல்லாத இடத்தில் பிறந்த காசு கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டது. கடன் மட்டும் ஊரில் நின்றது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற நுண்கடன்காரருக்குக் கட்ட இன்னொரு நுண்கடன், அதற்குக் கட்ட மீற்றர் வட்டி என்று பெண்கள் பட்ட பாட்டை நீ கண்டு வளர்ந்தவள். 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது.

ஆகவே விண்ணப்பத்தை வாசிக்கும்போது பிணையாளரின் சம்பளத் துண்டோடு நின்றுவிடாதே. இந்தக் காசு பிறந்தால் எதை உண்டாக்கும் என்று பார். இரணைமடுக் குளத்தில் தண்ணி போதாத ஆண்டில் சிறுபோகத்துக்கு எல்லாக் காணிக்கும் பங்கு கிடையாது என்பது கொழும்பில் கடன் அளவு நிர்ணயிக்கிற அதிகாரிக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். மாதத் தவணை போட்டால் கமக்காரர் மாட்டை விற்றுக் கட்டுவார்; வெட்டு முடிகிற மாசி, பங்குனியில் தவணை விழும்படி எழுதலாமா என்று முகாமையாளரிடம் கேள். கறவை மாடு, கிணறு, நீர்ப்பம்பி, தையல் இயந்திரம் என்று வருமானம் தெரிகிற கடனுக்கு முன்னால் நின்று வாதாடு. பழைய கடனைக் கட்டப் புதுக்கடன் கேட்கிறவரை உட்காரவைத்து, முழுக்கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் காட்டு. நகை அடகில் பவுன் விலை ஏறிக்கொண்டே போகும் என்று கணக்குப் போடாதே. 2013இல் பவுன் விலை விழுந்தபோது அடகுக் கடனில் இந்த நாட்டு வங்கிகள் நட்டப்பட்டன.

மறுப்பதும் ஒரு தீர்ப்புத்தான் என்பதையும் நினைவில் வை. நீ திருப்பி அனுப்புகிற விதவைப் பெண் கடன் இல்லாமல் வீடு போகமாட்டாள். மீற்றர் வட்டிக்காரன் வாசலுக்குப் போவாள். விதைப்புக்கு முன் தேவைப்பட்ட கடனை நான்கு கிழமை இழுத்தடித்தால் அதுவும் மறுப்புத்தான், ஏனென்றால் ஐப்பசி மழை உன் கோவைக்காகக் காத்து நிற்காது. இலக்கு எட்டவேண்டும் என்று மேலிடத்தில் இருந்து நெருக்குவார்கள். அப்போது ஓரியன்டல் வங்கியின் கோப்பித் தோட்டத்தை நினைத்துக்கொள். காசைப் பிறப்பிக்கும் அதிகாரத்தின் பெரும் பங்கு கொழும்பு ஜனாதிபதி மாவத்தையில் இருக்கும் மத்திய வங்கிக் கட்டடத்தில் இல்லை. நாடெங்கும் கிளைகளில் கடன் கோவைகளில் வைக்கப்படும் கையெழுத்துகளில் சிதறிக் கிடக்கிறது. நாளைக்கு அதில் ஒன்று உன்னுடையது.

விளைச்சல் தெரியாத கடனுக்கு, எவர் சொன்னாலும் கையெழுத்து வைக்காதே. விளைச்சல் தெரிகிற கடனை, கேட்கிறவர் ஏழை என்பதற்காகத் திருப்பி அனுப்பாதே.

அன்புடன்,
மாமா